பவானிபூரில் ஓர் அவுன்ஸ் போர்ட்

காமுவுக்கு ஒயின் மருந்தாகத்தான் வந்தது. ஏழாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்து, எழுந்து நின்றாலே கண் இருட்டிக்கொண்டு வந்த சமயம். ரத்தம் ஊறட்டும் என்று வங்காளி டாக்டர் இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு முன் ஓர் அவுன்ஸ் போர்ட் ஒயின் கொடுக்கச் சொன்னார். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் அது சாதாரண வைத்தியம். 1909-ம் வருஷம். ஆனாலும் அவள் கணவன் வைத்தீஸ்வரனுக்கு அதைக் கேட்டதும் நெற்றி வேர்த்துவிட்டது.

வைத்தீஸ்வரன் கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. பவானிபூர் சந்து ஒன்றில் மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்திருந்தான். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மாடிப்படிக் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துப்போவான். குண்டு என்றும் போலீஸ் சோதனை என்றும் ஊர் கலங்கிக் கிடந்தது. மாயவரத்திலிருந்து வந்த பெண்டாட்டிக்குப் பாஷை தெரியாது. அவனுக்கு அது பூட்டாகவே தோன்றவில்லை, பத்திரமாகத்தான் தோன்றியது.

போர்ட் பாட்டில் வந்தபின் இன்னொன்றும் அடைபட்டது.

"நம்ம மனுஷா யாரையும் கொஞ்ச நாளைக்குக் கூப்பிட வேண்டாம். வாசனை பிடிச்சுட்டான்னா மானம் போயிடும்" என்றான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களும் வருவது நின்றது. பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். காலை அளவைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி மூடிவைத்துவிட்டுப் போவான்.

முதல் நாட்களில் காமு மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. ஒருநாள் மூக்கைப் பிடிக்க மறந்துபோனாள். உலர்ந்த திராட்சை, பாகு முற்றிய வெல்லம், அதற்கடியில் ஏதோ பழைய மரத்தின் வாசனை. இரண்டாம் வாயை விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தாள். எவ்வளவு மெல்ல மாறுகிறது இது!

அதன்பின் அந்தத் தம்ளரோடுதான் அவளுடைய பகல் கழிந்தது. ரசம் சாதத்தோடு பார்த்தாள். இரும்பை நக்கியதுபோல் இருந்தது. மோர் சாதத்தோடு இரண்டுமே திரிந்த மாதிரி ஆயிற்று. நெய்யில் வறுத்த முந்திரியைக் கடித்துவிட்டு ஒரு துளி விட்டபோதுதான் ஒயின் தன் முழு மணத்தையும் காட்டியது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

எதிர் வீட்டு வராந்தா கை நீட்டினால் எட்டும் தூரம். அங்கே இருந்தவள் கிரணபாலா. சீமையில் படித்துவந்த பாரிஸ்டரின் மனைவி. அவளைக் காமு 'பௌதி' என்று கூப்பிடுவாள், அண்ணி என்கிற மாதிரி. பௌதியிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்த நாலு ஹிந்தி வார்த்தையும் மீதி சைகையுமாகப் பேசிக்கொள்வார்கள்.

"அது என்ன, போர்ட்டா?" என்று பௌதி ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"மருந்து" என்றாள் காமு அவசரமாக.

பௌதி சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தட்டை நீட்டினாள். அதில் பாண்டெல் என்கிற ஊரில் செய்து புகையில் வாட்டிய பால்கட்டி, உப்புக் கரிக்கும் சின்னச் சின்ன வில்லைகள். "பாலில் செய்ததுதான். பயப்படாதே."

காமு கிள்ளி வாயில் போட்டாள். உப்பும் புகையும் நாக்கைப் பிடித்த நேரத்தில் ஒயினைச் சப்பினாள். இனிப்பு உப்பை அணைத்துக்கொண்டது. வராந்தாக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து பௌதி தன் வீட்டு ஒயின்களில் ஒரு வாய் அளவு நீட்டுவாள். பாக்குக் கடித்ததுபோல் வாயைப் பிடிக்கும் கிளாரட் என்ற சிவப்பு ஒயின், காமு வறுத்த சேனையோடு சேர்ந்ததும் மெத்தென்றாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த வெளுத்த புளிப்பு ஒயின் எலுமிச்சம்பழச் சாதத்தோடு சரியாகப் போயிற்று. இவள் சாதத்தை நீட்டுவாள், அவள் கிண்ணத்தை நீட்டுவாள். இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வா. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்" என்றாள் பௌதி.

"முடியாது. கீழே பூட்டு."

"உள்ளேயா?"

"வெளியே."

பௌதியின் கை நீட்டியபடியே நின்றது. அன்று கிளாரட்டை யாரும் தொடவில்லை.

காமுவின் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. ஒரு சாயங்காலம், ஆபீசிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவனிடம் முந்திரியையும் தம்ளரையும் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏன்னா, ஒரே ஒரு வாய். முந்திரியைக் கடிச்சுட்டுப் பாருங்கோ."

"பைத்தியமா உனக்கு?"

"நீங்கதானே மருந்துன்னேள்? மருந்துன்னா என்ன தோஷம்?"

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். முந்திரியைக் கடித்தான். உதட்டை நனைத்துக்கொண்டான். அவன் முகத்தில் காமு அதுவரை கண்டிராத ஓர் இளக்கம் பரவியது, புருவம் உயர்ந்தது. இன்னொரு வாய்க்குக் கை தம்ளரை நோக்கிப் போனதையும் அவள் பார்த்தாள். சட்டென்று அவன் எழுந்து குழாயடிக்குப் போய் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தான்.

"உனக்குத்தான் உடம்பு தேறிடுத்தே. நாளையிலேர்ந்து வேண்டாம்" என்றான் முகத்தைத் துடைத்தபடி. மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"சரி, வேண்டாம். கதவை மட்டும் திறந்து வச்சுட்டுப் போங்கோ. பௌதியாத்துக்குப் போயிட்டு ஒரு நாழியிலே வந்துடறேன்."

"அந்த ஆத்துலேதான் பாட்டில் பாட்டிலா இருக்குமே."

"அப்போ காளிகாட் கோயிலுக்காவது..."

"போகப் போகப் பார்க்கலாம்."

மறுநாளும் பூட்டிக்கொண்டுதான் போனான். வராந்தாவில் மூங்கில் தட்டி கட்டச் சொன்னான், வெயிலுக்கு என்றான்.

மழைக்காலம் முடிந்ததும் பாரிஸ்டர் அலிப்பூரில் தோட்டத்தோடு ஒரு வீடு பிடித்தார். கிளம்பும் அன்று பௌதி சந்தில் இறங்கி, பூட்டிய கதவருகே நின்று, "காமு!" என்று கூப்பிட்டாள். காமு உள்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தாள். கதவின் கீழிடுக்கில் பட்டுப் புடவையின் கரை தெரிந்தது.

"எங்கள் வீட்டு விலாசம் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கோ, பௌதி."

சொன்னாள். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். கரை நகர்ந்தது.

அடுத்த வருஷம் காமு மறுபடி உண்டானபோது மாமியார் ராஜலக்ஷ்மி ஊரிலிருந்து வந்தாள். வீட்டில் பெரியவள் ஒருத்தி இருக்கவே, பூட்டுப் போடுவதை வைத்தீஸ்வரன் நிறுத்திவிட்டான். முதல் நாள், மாமியார் குளிக்கப் போயிருந்தபோது, காமு படியிறங்கி வந்து கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. சந்து இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. மேலிருந்தே பார்த்துப் பழகியவளுக்குக் கீழிருந்து எதுவும் அடையாளம் தெரியவில்லை. அலிப்பூர் எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்பது, எந்தப் பாஷையில் கேட்பது? தயிர்க்காரன் ஒருவன் அவளை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே கடந்துபோனான்.

"காமு, எங்கே போயிட்டே? சாதம் குழையறது பாரு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.