கல்வெட்டுக்கு ஓர் அட்டைப்படம்

ரொறன்ரோ ஓவியக்கூடம் ஒன்றில் காவலுக்கு நின்ற அவருக்கு அறுபது வயதிருக்கும். தொளதொளத்த சீருடை, சப்பாத்து மட்டும் பளபளவென்று இருந்தது. யாராவது ஓர் ஓவியத்தின் முன்னால் நின்றால் உடனே மணிக்கூட்டைப் பார்ப்பார். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய பிரெஞ்சு ஓவியம். கறுப்புடையில் துக்கம் காக்கும் ஒரு பெண். அவள் மடியில் கிடந்த வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றிலும் மூடிய கண் ஒன்று. அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல அட்டை கிடைக்காது. போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு, அச்சகக்காரரோடு தமிழில் கதைத்தேன்.

கதைத்து முடிந்ததும் காவலுக்கு நின்றவர் கிட்ட வந்தார்.

“அம்மா எங்கை இருந்தவ, தம்பி?”

“ஒஷாவாவிலை அண்ணை, வயசுபோன ஆக்களின்ரை நேர்சிங் ஹோமிலை.”

“அடிக்கடி போவீரே?”

“மாசத்துக்கு ஒருக்கா. வேலை தெரியுந்தானே.”

“போனா எவ்வளவு நேரம் இருப்பீர்?”

“பத்து நிமிஷம். பார்க்கிங் கஷ்டம்.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“உந்தப் பொம்பிளைக்கு முன்னாலை நாப்பது நிமிஷமா நிக்கிறீர்.”

சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போய் நின்றுகொண்டார். குத்திச் சொன்னாரா, நேரத்தை மட்டும் சொன்னாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அட்டையில் அந்தப் படம்தான் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் வடிவென்றார்கள். மிச்சப் புத்தகங்கள் கார் ட்ரங்கில் கிடக்கின்றன. நான் இன்னும் ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை.