டிர்க்யே ஏறிய கணவாய்

டிர்க்யே முப்பத்து நான்கு வருடம் ஹாலந்தின் லெக் ஆற்றில் படகு ஓட்டியவள். கார்களையும் சைக்கிள்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்ததே அவள் கண்ட தூரம். அறுபத்தாறாம் வயதில் ஓய்வு பெற்ற கையோடு, ரைன் நதி பிறக்கும் மலைவரை சைக்கிளிலேயே போகப்போவதாக அறிவித்தாள். லெக்கில் ஓடுவதும் ரைன் தண்ணீர்தானே.

கணவன் ஆரி காபியைக் கீழே வைத்தான். "நீ இதுவரைக்கும் ஏறின பெரிய மலை நம்ம ஆத்தங்கரை மேடுதான். நினைப்பிருக்கா?"

"இருக்கு. எதிர்க்காத்துல ஏறினேன்."

"வழியில முட்டி வலிச்சா?"

"வலிக்கட்டும். உனக்கு உக்காந்த எடத்துலயே வலிக்குதே."

ஜூன் முதல் தேதி கிளம்பினாள். கூடாரம், மழைச்சட்டை, கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி. ஜெர்மனியில் ஒன்பது நாள் மழை விடாமல் பெய்தது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் முட்டி பூசணிக்காயாக வீங்க, இரண்டு நாள் கூடாரத்தில் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தாள். ஆரியிடம் மூச்சு விடவில்லை. இருபத்தாறாம் நாள் மலையடிவார ஊரான டிசென்டிஸ் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து ஓபரால்ப் கணவாய்க்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம்.

மறுநாள் காலை ரொட்டிக்கடை வாசலில், மின்சார சைக்கிளோடு நின்ற கியெரி என்ற உள்ளூர்க்காரர் அவளுடைய மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான்.

"இத்தனை சுமையோடயா? பேசாம ரயில்ல ஏறிடுங்கம்மா. ஹாலந்துக்காரங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"அப்ப நீங்க இன்னும் எல்லாரையும் பார்க்கலைங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் கியெரி கையசைத்தபடி அவளைத் தாண்டிப் போனார். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. சேடுரூன் கிராமத்துக்கு மேல் வளைவுக்கு வளைவு சாலை செங்குத்தானது. தொடை எரிந்தது, வாய் உலர்ந்தது. ஆனாலும் மிதி நிற்கவில்லை. உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில், பாட்டரி தீர்ந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கியெரியை எட்டிப் பிடித்தாள்.

"வாயைத் தொறக்காதீங்க" என்றார் அவர்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே. மெதுவா வாங்க. மேல காபி என் செலவு."

பகல் ஒரு மணிக்கு, ரைன் பிறக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கணவாயில் நிறுத்தியிருந்த சிவப்புக் கலங்கரை விளக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆரியை அழைத்தாள்.

"மேல நிக்கிறேன்."

"எறங்கித் தள்ளினியா?"

"ஒரு அடிகூட இல்ல."

மறுமுனையில் ஆரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இரு, படகுத்துறைக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன். என் முட்டி கெடக்கட்டும்."

மறுநாள் காலை பாறைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடந்து, நதி பிறக்கும் தோமா ஏரியை அடைந்தாள். பல் கூசும் தண்ணீரை இரு கையாலும் அள்ளிக் குடித்தாள். முகம் கழுவினாள். தான் மட்டுமே இருந்த அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

கணவாய்க்குத் திரும்பி வந்தபோது காபிக்கடையில் கியெரி, பாட்டரி நிறைந்த சைக்கிளோடு காத்திருந்தார்.

"இனி எறக்கம்தான். ரயில் வேணாம்ல?"

டிர்க்யே வரைபடத்தை மேசையில் விரித்தாள். "ஃபூர்க்கா கணவாய் இதைவிட உயரமாமே. எந்தப் பக்கம் திரும்பணும்?"