பெற்றோல் குடிக்காத ஜீப்

என் அக்கா புருஷன் மூக்கையாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் கூட அப்படி ஒன்று கிடையாது. முத்து வெள்ளை நிறம், தோல் இருக்கைகள், தொட்டால் வெளிச்சம் போடும் திரை, பெற்றோலிலும் பற்றரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட். இதைக் கேட்டதும் என் அக்கா ஜீவராணி மகாராணி மாதிரி வாழ்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஜீப் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் அதிகமாக நடந்தாள்.

மச்சானைப் பற்றிச் சொல்வதென்றால் மாணிக்கக் குழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிவித்திகலைக்குக் கீழே, வயல் ஓரத்தில் தோண்டிய குழியொன்றில் அவர் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்காரர். குழிக்குள் ஊற்று ஓயாது. ஆள் உள்ளே இருக்கும்வரை எஞ்சின் நிற்கக் கூடாது, நின்றால் தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிடும். ஆள் மேலே வந்துவிட்டால் எஞ்சின் ஒரு நொடி ஓடக் கூடாது, ஓடினால் டீசல் தண்டம். இந்த இரண்டிலும் மச்சானை அடிக்க ஆளில்லை. கடைசி ஆளின் கால் தரையில் படும்போது எஞ்சின் அணைந்திருக்கும். நாடே கானைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில், எங்கள் பக்கத்தில் நிற்காமல் வேலை நடந்த குழி அவருடையதுதான். அந்தப் பெருமை அவர் தலைக்கு ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை.

அந்தக் குழியில் ஒரு நாள் நீலக்கல் அகப்பட்டது. குழியில் கல் கிடைத்தால் நிலக்காரர், தோண்டியவர், எஞ்சின்காரர் என்று எல்லாருக்கும் பங்கு உண்டு. கல்லை வாங்கியவர் இரத்தினபுரி சாலி முதலாளி. மச்சானின் பங்குக்குக் காசு வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அப்போது மச்சான் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்காகவே அவரை எத்தனை திட்டினாலும் என்னால் வெறுக்க முடிவதில்லை.

"எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு முதலாளி. சந்தியில பஸ்ஸ விட்டு எறங்குனா, வீட்டுக்கு அந்த மேடு முழுக்க நடக்கணும். அவ இனி நடக்கக் கூடாது. ஒரு வண்டி இருந்தா குடுங்க."

சாலி முதலாளி தன் வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டினார். "இத எடுங்க மூக்கையா. இது பெற்றோலே குடிக்காது."

வியாபாரிகள் பேசுகிற பேச்சு. மாட்டை விற்பவன் இது புல்லே தின்னாது என்று சொல்லுவதில்லையா? யாராவது நம்புவார்களா? மச்சான் நம்பினார். வண்டி பெற்றோல் குடிக்காது, குடித்தால் அது ஓட்டுகிறவனின் குற்றம் என்று முடிவு கட்டிவிட்டார்.

இறக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து சந்தி வரைக்கும் ஒரே இறக்கம். ஜீப் சத்தமே இல்லாமல் உருண்டு இறங்கும், பற்றரியும் நிரம்பும். திரையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். எஞ்சின் தூங்குகிறது என்று அதற்கு அர்த்தம். திரும்பி மேட்டில் ஏறும்போதுதான் வினை. சந்தியைத் தாண்டி கித்துள் மரத்தடிக்கு வந்ததும் எஞ்சின் விழித்துக்கொண்டு உறுமும், பச்சை விளக்கு அணையும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் மச்சானுக்கு முகமெல்லாம் வேர்த்துவிடும். ஆளில்லாத குழியில் எஞ்சின் ஓடுகிற மாதிரி அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

முதலில் ஏசியை நிறுத்தினார். பிறகு செருப்பு, குடை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் பாரம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். கோயிலுக்குக் கூட்டிப்போகிற சனத்திடம், பூசை முடிந்து பொங்கலை அங்கே சாப்பிடாதீர்கள், வயிறு பாரமாகும், கட்டிக்கொண்டு வந்து பிறகு சாப்பிடுங்கள் என்றார். கட்டிய பொங்கலை எதில் கொண்டு வருவது என்று நான் கேட்டேன். அதை என் லொறியில் போடச் சொன்னார். நான் தோட்டத்தின் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். கொழுந்து மூட்டைக்கு நடுவில் ஊர்ப் பொங்கலையும் ஏற்றிய ஒரே சாரதி இந்த மாகாணத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அதுவும் போதவில்லை. கித்துள் மரத்தடியில் எல்லாரையும் இறக்கிவிட ஆரம்பித்தார். சனம் மேட்டில் நடக்கும். வெறும் ஜீப் பக்கத்தில் சவ ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வரும். பச்சை விளக்கு அணையப் போகிறதென்றால் உள்ளேயிருந்து கையைத் தட்டுவார். உடனே எல்லாரும் பின்னால் போய்த் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் நிறுத்திவிட்டார்.

"கெடிலாத?" என்று சிங்களத்தில் கேட்டார். பழுதா என்று.

"கெடிலா நே சேர். தெல் இதுரு கரனவா," என்றார் மச்சான் வலு பெருமையோடு. பழுதில்லை ஐயா, எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று.

பொலிஸ்காரர் ஜீப்பைப் பார்த்தார். தள்ளுகிற கிழவிகளைப் பார்த்தார். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பிறகு பின் இருக்கைகளைக் கழற்றினார். அவை எங்கள் அக்கா வீட்டு முன் அறையில் சோபா ஆகின. நல்ல மெத்து மெத்தென்ற தோல் இருக்கை, பெல்ட்டும் அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் தோட்ட அலுவலகப் பெரிய கிளாக்கர் பரராசசிங்கம் ஐயா ஒரு நாள் வந்து அதில் உட்கார்ந்தார். பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மூக்கையா, வீட்டுக்குள்ளையும் இதைப் போடவேணுமோ?"

"போட்டுக்கங்கய்யா. இருக்கிறது வீணாப் போகக் கூடாதுல்ல."

ஐயாவும் மனுசன் பாவம், போட்டுக்கொண்டுதான் தேநீர் குடித்தார். அக்கா தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே, "ஜீப்புல போனத விட இந்தச் சீட்டுல ஒக்காந்து டிவி பாத்ததுதாங்கய்யா அதிகம்," என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனதை நான் மட்டும் பார்த்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஏனென்றால் கித்துள் மரத்தடியில் இறங்கி நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. யாருக்காக ஜீப் வந்ததோ அவளே கம்பை ஊன்றிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்தாள். "ஏன்க்கா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டால், "அவரு சின்னப் புள்ள மாதிரி சந்தோசமா இருக்காரு, விடுப்பா," என்பாள். இப்படியே விட்டு விட்டுத்தான் அந்த மனிதர் கெட்டுப் போனார்.

கடைசியில் என் லொறியிலேயே கை வைத்தார். பின்னேரக் கொழுந்து எடுக்க நான் வெறும் லொறியோடு மேலே போகிற நேரம் அவருக்குத் தெரியும். கித்துள் மரத்தடியில் கயிற்றோடு நிற்பார்.

"மாப்புள, நீ எப்பிடியும் மேலதானே போற? சும்மா ஒரு கயிறு."

கயிற்றைக் கட்டி இழுத்துப் போனேன். எஞ்சின் முனகவே இல்லை. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று திரையில் காட்டுகிற இலக்கம், அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் உச்சியில் போய் நின்றுவிட்டது. மச்சானின் கண் கலங்கிவிட்டது. சாலி முதலாளி சொன்னது சத்தியம் என்றார். என் லொறி குடித்த டீசலைப் பற்றிக் கேட்டேன். அது தோட்டத்துக் கணக்கு, ஜீப்புக் கணக்கில் எப்படி வரும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு ஜீப் மேலே வருவதெல்லாம் என் லொறியின் வாலில்தான். தேயிலைத் தொழிற்சாலை மாடியிலிருந்து பார்க்கிறவர்கள், லொறி குட்டி போட்டுவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அக்காவுக்கு இரத்தினபுரியில் கிளினிக் நாள் வந்தது. முட்டிக்குள் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, மேட்டில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏறினால் அறுக்க வேண்டித்தான் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். மச்சானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது நல்ல மழை. நான் வெறும் லொறியோடு சந்தியைத் தாண்டி வருகிறேன், கித்துள் மரத்தடியில் ஜீப் நிற்கிறது. அக்கா ரோட்டில் நிற்கிறாள். ஒரு கையில் கம்பு, மறு கையால் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறாள். குடைதான் பாரமாயிற்றே.

பழக்கம் என்பது எவ்வளவு பொல்லாதது பாருங்கள். ஜீப் அந்த மரத்தடியில் நின்றது, அவர் வாயைத் திறக்கவில்லை, இவளாகவே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டு கயிற்றுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார், ஒரு பாட்டையும் முனகிக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்தில் அவரை லொறியால் இடித்திருப்பேன். அக்காவைத் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அதற்குள் அவர் கயிற்றைக் கட்டிவிட்டு, ஜீப்பில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று கை காட்டினார். போனேன். என்ன செய்வது, மூத்த மச்சான்.

பாதி மேட்டில் அக்கா பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அவ்வளவு பெரிய ஜீப்புக்குள் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, மழைக்குள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை, கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்தது அம்மா செத்த அன்றைக்குத்தான்.

"நிறுத்து," என்றாள்.

மேட்டிலேயே நிறுத்தினேன்.

"கயித்த அவுத்து விடு."

நான் இறங்கிப் போய் ஜீப்பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். மச்சான் தலையை வெளியே நீட்டி, "என்னா மாப்புள, என்னா ஆச்சு?" என்று பதறினார். அக்கா லொறியிலிருந்து தானே இறங்கினாள். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். ஜீப்பின் முன் கதவைத் திறந்து, சேறு அப்பிய வெறும் காலோடு, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, அந்தத் தோல் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

"ஏங்க," என்றாள். "குழியில கடைசி ஆளு மேல வராம நீங்க என்னைக்காச்சும் எஞ்சின நிறுத்தி இருக்கீங்களா?"

மச்சானுக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "என்னா பேச்சு பேசுற ராணி? ஆளு உள்ள இருக்கயில யாராச்சும் டீசல் மிச்சம் புடிப்பாங்களா? செத்துல்ல போவான்!"

"நான் உள்ள இருக்கேன்," என்றாள் அக்கா. "எஞ்சின ஓட்டுங்க."

மச்சான் அவளைப் பார்த்தார். முட்டிக் கட்டிலிருந்து மழைத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். காலை அழுத்தினார்.

எஞ்சின் விழித்தது. அந்த மேட்டில் எத்தனை மாதமாகத் தூங்கியதோ, மலை அதிர உறுமியது. நான் கல்லை எடுத்துவிட்டு ஒதுங்கினேன். ஜீப் என் லொறியை முந்திக்கொண்டு, சேற்றை என் முகத்தில் வாரி அடித்துவிட்டு மேலே பறந்தது. அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமல் லயத்துச் சனமெல்லாம் மழையில் வெளியே வந்து நின்றிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் வீட்டு வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் இலக்கம் எங்கே போய் விழுந்திருந்ததோ தெரியாது, மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடியிருந்தார். அக்கா இறங்கவில்லை.

"வீடு வந்திருச்சு ராணி," என்றார் மெதுவாக.

"தெரியுது. சந்தி வரைக்கும் போயிட்டு இன்னொரு தடவ ஏறுங்க."

அவர் வண்டியைத் திருப்பினார். கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காது கொடுக்கவில்லை. அந்த வெள்ளை ஜீப் கித்துள் மரத்தடியில் நிற்காமல் மேடு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு வந்ததும் மச்சான் எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்து, அக்காவின் இரண்டு காலும் தரையில் பட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்த பிறகுதான் போய் அணைத்தார்.