மாங்கனித் திருவிழாவுக்கு மஞ்சள் பந்தா

இன்று எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில், காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சள் பந்துகளைக் கொடுத்து, ஒருவரையொருவர் அடிக்கவிட்டார்கள். ஒரு பொடிசு அடிபட்டு அழுதது.

வகுப்பெடுத்த பெண்ணிடம் சொன்னேன்: "இது சண்டை இல்லம்மா. சாமி தெருவுல வரும்போது, வேண்டிக்கிட்டவங்க மாடியிலேர்ந்து பழத்த வீசுவாங்க. கீழ நிக்கறவங்க பிடிச்சுச் சாப்பிடுவாங்க."

"நிஜ மாம்பழம்னா இன்னும் அடிபடும் அங்கிள்."

விடுவேனா? வீட்டிலிருந்த பத்து பங்கனபள்ளியோடு பிள்ளைகளை முதல் மாடிக்கு ஏற்றினேன்.

கீழே இஸ்திரி போடும் செல்வி முந்தானையை விரித்தாள். "இன்னா பெருசு, பாத்துக்கினே கீற? போடச் சொல்லு."

ஒன்பது பழங்கள் முந்தானையில் விழுந்தன. அழுத பொடிசு, "அக்கா பிடிச்சுட்டாங்க, நான் போட்டத பிடிச்சுட்டாங்க" என்று குதித்தது. எனக்கும் குதிக்கத் தோன்றியது.

பத்தாவது பழம் இஸ்திரி வண்டியில் விழுந்தது.

இனி நடக்க வேண்டியவை:
டீச்சர் பந்துகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
அடுத்த ஆனிப் பௌர்ணமிக்கு இதைப் படிக்கும் நீங்கள் ஆளுக்கொரு பழத்தோடு வர வேண்டும்.
குடியிருப்புச் சங்கச் செயலாளர் தன் வெள்ளைச் சட்டையைப் பற்றிச் செல்வியிடம் கேட்கக் கூடாது. என்னிடம்தான் கேட்க வேண்டும்.