அடைத்த துளை

ஈசா டவுனில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு அந்த மீன் தொட்டி வந்ததே, வேறொரு குடும்பம் எக்ஸிட் அடித்து ஊருக்குப் போனதால்தான். வளைகுடாவில் ஒரு குடும்பம் ஒரேயடியாகக் கிளம்பினால் நாலு குடும்பத்துக்குச் சாமான் சேரும். மற்றவர்கள் சோபாவும் வாஷிங் மெஷினும் எடுத்துக்கொண்டார்கள். நான் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தேன். மனிதர்கள் நடக்கவே இடமில்லை, இதில் மீன் வேறா என்று மனைவி கேட்டாள். பள்ளிக்கூட டீச்சர், கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஏ.சி. கம்பெனியில் குழாய்ப் படம் வரைவது என் வேலை. பகலெல்லாம் குழாய் வரைகிறவனுக்கு வீட்டில் ஒரு குழாயாவது சொந்தமாக ஓடவேண்டும் என்று ஆசை வருவது இயல்புதானே. இன்டர்நெட்டில் படித்து, பி.வி.சி. பைப்பை வளைவுகளோடு ஒட்டி, கண்ணாடிக்குத் துளை போடாமலே விளிம்பைத் தாண்டி நீர் இறங்க வழி செய்தேன். மிஞ்சும் தண்ணீர் அந்த வழியாகக் கீழே ஸ்டாண்டுக்குள் வைத்த டப்புக்கு வரும், அங்கே சுத்தமாகும், ஒரு மோட்டார் அதை வேறொரு குழாய் வழியாக மேலே ஏற்றும்.

எங்கள் வீட்டில் வேலைக்கிருந்தவர் இலங்கையின் மலைநாட்டுத் தமிழ்ப் பெண். என்னைவிட மூத்தவர். அன்றைக்கு நாங்கள் அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டோம். எழுதும்போது மட்டும் 'அவர்' என்று வருகிறது. நான் குழாய் ஒட்டியபோது பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றது அவர் ஒருவர்தான். மனைவிக்குத் திருத்தப் பேப்பர், மகளுக்குக் கார்ட்டூன். ஆகவே என் பிரசங்கம் முழுக்க அவருக்கே. மேலே ஏறும் குழாயில், தொட்டியின் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டேன். எதுக்கு சேர் என்று கேட்டார். கரண்ட் போய் மோட்டார் நின்றால், மேல் தண்ணீர் இதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கிவிடும், டப் நிரம்பி வழியும். இந்தத் துளையில் காற்று புகுந்தால் இறக்கம் நின்றுவிடும் என்று விளக்கினேன். அவருக்கு ஒரே தடவையில் புரிந்தது. ஆபீசில் நாலு பேருக்கு நான் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.

அவருடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிய இருந்தது. ஊரில் மகள் ஏ.எல்., அதாவது நம் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருந்தாகவேண்டும் என்பது அவர் கணக்கு. லீவில் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாக ஏற்பாடு. புதுப்பிக்கும் காகிதம் ஸ்பான்சரான என் கையெழுத்துக்காக டி.வி. மேல் கிடந்தது.

அந்தத் துளை சும்மா இருக்கவில்லை. சுர்ர் என்று சதா சத்தம் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் தொட்டியைப் பார்க்க வந்தார்கள். வருவதற்கு முன், என்ன இது, பாத்ரூம் குழாய் ஒழுகுகிற மாதிரி என்று மனைவி சொல்லிவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிலிக்கான் பசையை ஒரு பொட்டு எடுத்துத் துளையில் வைத்து அடைத்தேன். டீ கொண்டுவந்தவர் அதைப் பார்த்தார். சேர், அது காத்துப் போற வழிதானே என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நண்பர்கள் போனபின் நான் பார்க்கவில்லை.

ஜூனில் ஒரு பகல் கரண்ட் போய், நெடுநேரம் வரவில்லை. நாங்கள் இருவரும் வேலையில். அவர் எங்கள் மகளைக் கூப்பிடப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். தொட்டித் தண்ணீரில் பாதி கீழே இறங்கி, டப் நிரம்பி, தரையெல்லாம் ஓடி, கீழ் வீட்டில் வீட்டுக்காரரின் விருந்தினர் அறையான மஜ்லிஸின் கூரை நனைந்து சொட்டியது. நான் வந்தபோது அவர் போர்வைகளைப் போட்டுத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் படியில் நின்றார். நல்ல மனிதர், ஆனால் அன்று முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, உள்ளே கையைக் காட்டி, "கத்தாமா?" என்று கேட்டார். வேலைக்காரியா செய்தாள் என்று அர்த்தம்.

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆட்டிய தலை என்னுடையதுதானே. இந்தப் பெண் இனி இந்த வீட்டில் வேண்டாம், கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் இறங்கிப் போனார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பாவத்தின் இடத்தில் நானே நிற்பேன் என்று நினைத்ததில்லை.

சாப்பிடும்போது மனைவி பேச்சை எடுத்தாள். துடைக்கும்போது குழாயைத் தட்டியிருப்பாள், வீட்டையும் இழக்க முடியாது, லீவில் போகிறவள் அப்படியே போகட்டும் என்றாள். அவர் சமையலறை வாசலில் சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றார். என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். ஆனால் தொட்டி வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவள் முன்னால், நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்ட என் குழாய்தான் காரணம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். அவர் எனக்குச் சாம்பார் ஊற்றினார்.

காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. துளையையும் திறக்கவில்லை, திறந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மனைவி கேட்பாள். இறங்கும் நீருக்கு இடமிருக்கட்டும் என்று டப்பில் தண்ணீரைக் குறைத்துவைத்துச் சமாளித்தேன். கோழைத்தனத்துக்கும் கொஞ்சம் தொழில்நுட்பம் தேவைப்படுகிறது.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவர் மகளின் படிப்பைப் பற்றி என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். உள்ளே போகும் முன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"சேர், நீங்க எல்லாரும் வெக்கேஷன் போனப்புறம் கரண்ட் போனா கீழ் வீடு மறுபடி நனைஞ்சிரும். அதனால கெளம்புற நேரத்துல ஊசியால அந்த ஓட்டைய தொறந்து விட்டுட்டேன். மெடம்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல்ல."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் பத்திரம் என்றேன்.

வீடு திரும்பியபோது ஹாலில் சுர்ர் என்று கேட்டது. அது என்ன சத்தம் என்றாள் மனைவி. குழாய்த் துளை என்றேன். அடைக்கக் கூடாதா என்றாள். கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். அன்றும் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.