கணக்குப் பிரிவில் பால்காய்ப்பு

எங்கள் படுக்கையறைக் கதவின் கண்ணாடியில் ‘கணக்குப் பிரிவு’ என்று ஆங்கிலத்தில் இன்னும் பொன்னெழுத்து மின்னுகிறது. அழிக்கக் கூடாதாம், சரித்திரச் சின்னமாம். தினமும் கண்விழித்து அதைப் பார்த்ததும் மேலதிகாரி கூப்பிட்டதுபோலத் திக்கென்கிறது. சிகாகோவில் இரும்புச் சட்டம் பூட்டி வானத்துக்கு எழுப்பிய முதல் தலைமுறைக் கட்டடங்களில் இது ஒன்று. காலங்காலமாக இன்சூரன்ஸ் ஆபீஸ். கம்பெனி புறநகருக்குப் போனபின் புறா அடைந்து கிடந்ததைத் தடுப்புச்சுவர் வைத்து வீடுகளாக்கி விற்றார்கள். என் மனைவி ஜெசிந்தாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. குளச்சலில் எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோனதிலிருந்து வாடகை வீடு மாறி மாறி அவளுக்கு அலுத்திருந்தது. எனக்கோ வாங்கிய நாள்முதல் இருப்புக்கொள்ளவில்லை.

பால்காய்ப்பு அன்று காலையில் அப்பா போனில் வந்தார். ஊரில் சுனாமிக் குடியிருப்பில் தம்பியோடு இருக்கிறார். “பாலு பொங்கினதும் ஒரு வார்த்த சொல்லு மக்கா. கடப்பொறத்து மனைய தம்பிக்க பேருக்கு எழுதிருதேன். ஒனக்கு அங்க வீடு ஆயாச்சுல்லா?” என்றார். சரி என்றேன். வீடு போன வெறும் மண்தான். ஆனாலும் ஊரில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“இஞ்ச பாருங்க, நல்லா வழியணும். எடையில எறக்கிப்பிடாதீங்க” என்றாள் ஜெசிந்தா. வழிந்தது. மின்னடுப்பில் விழுந்து தீய்ந்து புகைந்தது. ஸ்மோக் அலாரம் அலற, மாடி மாடியாகச் சனம் மொத்தமும் பனி கொட்டும் தெருவுக்கு இறங்கியது. மானம் போச்சு!

பக்கத்து வீட்டு ஹெலன் என்னும் முதியவள் கோட்டைப் போர்த்திக்கொண்டு கேட்டாள்: “என்ன கருகியது?”

“பால்.”

“அடுப்பில் வைத்து மறந்துவிட்டீர்களா?”

“இல்லை. வேண்டுமென்றேதான் வழியவிட்டோம்.”

பாவம், ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். புது வீட்டில் நாங்கள் அப்படித்தான் குடியேறுவோம் என்று ஜெசிந்தா விளக்கியபின்தான் சிரித்தாள். அவள் எங்கள் கணக்குப் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தவளாம். ஆபீஸை மூடிய அன்று இதே படிகளில் அழுதுகொண்டே இறங்கினாளாம். விட மனசில்லாமல் இங்கேயே வீடு வாங்கிவிட்டாள்.

தீயணைப்புக்காரர்கள் மேலே போகலாம் என்றார்கள். “வாங்கம்மா, மிச்சப் பால குடிச்சிட்டுப் போவலாம்” என்று தமிழிலேயே சொல்லி ஹெலனின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள் ஜெசிந்தா. நான் தெருவிலேயே நின்றேன். போன் அடித்தது.

“பொங்கிச்சா மக்கா?”

மேலே எங்கள் ஜன்னலில் விளக்கு எரிந்தது. என் சட்டையெல்லாம் தீய்ந்த பால் வாடை.

“இன்னும் பொங்கல, அப்பா” என்றேன்.