லினன் நூலும் என் ஓரகத்தியும்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறிகள் லுங்கி நெய்கின்றன. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவற்றுக்கு நூல் பார்த்து எடுப்பது என் வேலை. நூல் ஏஜெண்ட், நூல் சுற்றிய கோனை நீட்டுவார். இழையை உருவி, புடவையின் கறுப்புக் கரைமேல் இழுத்துப் பிடிப்பேன். கட்டி தட்டியிருந்தால் கோன் வந்த வழியே திரும்பிப் போகும். தறி ஓட்டுவதில் என் கணவர் புலி. ஆனால் நூல் என்று வந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் நன்றாகப் பழகிப் போயிருந்தேன்.

அதில் மண்ணைப் போட்டவள் கொழுந்தன் மனைவி. ஆம்பூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவள். அவள் பிரியாணியை வீடே மெச்சியபோதுகூட நான் சிரித்துக்கொண்டேதான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அடுப்படி அவளுக்கே இருக்கட்டும், நூல் எனக்கு என்று இருந்தேன்.

போன கோடையில் லுங்கி ஆர்டர் குறைந்தது. சட்டைத் துணிக்கு லினன் நெய்து பார்க்கலாம் என்றார் கணவர். ஏஜெண்ட் இரண்டு கோன்களைக் கொண்டுவந்து, இரண்டுமே லினன் என்றார். ஒன்று தொடக்கம் முதல் ஒரே சீராக ஓடியது. மற்றது அங்கங்கே தடித்து, கட்டி கட்டியாக இருந்தது. கரைமேல் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. சீரானதை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன்.

டீ கொண்டுவந்தவள் தட்டை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. நின்றாள். இரண்டு இழைகளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது ஒரேடியா வழவழன்னு கீது. ரெக்சின்தான் இப்டி இருக்கும். நெஜத் தோலுன்னா பூச்சி கடிச்ச தழும்பாவது இருக்கும்."

தோலும் நூலும் ஒன்றா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. கணவர் இரண்டு இழைகளையும் இழுத்து அறுத்தார். நான் எடுத்ததன் நுனி பஞ்சாகப் பிரிந்தது, நாங்கள் தினமும் பார்க்கும் பருத்தி நூலைப் போலவே. கட்டி நூலின் நுனி விறைப்பாக, கூராக நின்றது. ஏஜெண்ட் தலையைச் சொறிந்தபடி, முதல் கோனில் காட்டன் ஜாஸ்தி என்று ஒப்புக்கொண்டார். கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

கட்டி நூலைத் தறியில் ஏற்றினார்கள். காய்ந்த வெயிலில் பாவு இழைகள் அறுந்துகொண்டே இருந்தன. தறி நிற்கும்போதெல்லாம் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தறியோடு நிற்பது எங்கள் பிழைப்பும்தான் என்பது தெரியாமல் இல்லை. இருந்தாலும் அடுத்த இழை எப்போது அறும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவளோ சாக்குகளை நனைத்துத் தறிகளுக்கு அடியில் விரித்தாள். தோலும் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும் என்றாளாம். ஈரம் ஏற ஏற அறுவது குறைந்தது. அந்தச் சாக்குகளைத் தூக்கி மொட்டை மாடியில் காயப்போட என் கை பரபரத்தது. போடவில்லை. அவ்வளவுதான் என் பெருந்தன்மை.

துணி நன்றாகவே வந்தது. கசக்கினால் சுருங்கி, கையில் சில்லென்று இருந்தது. ஏஜெண்ட் மறுபடி வந்தபோது, வாங்கினவர்களுக்குத் துணி ரொம்பப் பிடித்திருப்பதாகச் சொல்லி, நூலை யார் பார்த்து எடுத்தது என்று கேட்டார். அன்று அங்கேயே உட்கார்ந்திருந்த மனிதர்தான். மறந்துவிட்டார். கணவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா கை படாம இந்த வீட்ல எந்த நூலு உள்ள வந்துக்குது?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மறுக்கவில்லை. அவள் குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் மனதாரச் சொன்னாள். விட்டுக்கொடுப்பதிலும் என்னை முந்திவிட்டாளே என்றுதான் வயிறு எரிந்தது.

ஏஜெண்ட் மரியாதையாக, அடுத்த லினனுக்கென்று இரண்டு புதுக் கோன்களை என் பக்கம் நகர்த்தினார். கணவரும் பழையபடி என் முகத்தைப் பார்த்தார். நான் ஏங்கிக் கிடந்த பார்வைதான். கரைமேல் இழையைப் பிடித்தேன். எதுவும் புரியவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, வந்து இதைக் கொஞ்சம் பார் என்றேன். பால் பொங்குகிறது, நீங்களே பாருங்கள் என்று பதில் வந்தது.

என் விரல்கள் தானாகச் சீரான இழைக்கே போயின. அவற்றை இழுத்து, கட்டி தட்டிய கோனில் வைத்தேன். இரண்டையும் அறுத்து நுனியைப் பார்த்தேன். கட்டிதான் கூராக நின்றது.

"இதையே போடுங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவள்போல.